மிஷின்ல கோளாறு

“மிஷின்ல கோளாறு. தூக்கிப் போட்டுட்டு வேற கொண்டு வாங்க!”

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று ஜெக்கரியா கத்தினார். உள்ளே அவருடைய மருமகன் அஸார் நினைவில்லாமல் கிடந்தான். துபாயிலிருந்து லீவில் வந்தவன். திருவையாறு சாலையில் நெல் லாரி மோதித் தொடை எலும்பும் விலாவும் நொறுங்கியிருந்தன.

சர்க்கரை பார்க்கும் மிஷினைக் கையில் வைத்திருந்த நர்ஸ் செம்மொழி அசையவில்லை. “சர்க்கரை இருநூத்தித் தொண்ணூறு இருக்கு பாய். இன்சுலின் உடனே ஆரம்பிக்கணும்.”

“என் மருமவனுக்குச் சர்க்கரையா? ‘சர்க்கரை உள்ள குடும்பம்’னு நாலு சம்பந்தத்தைத் திருப்பி அனுப்பிட்டு, அஞ்சாவதா எடுத்த மாப்பிள்ளைம்மா இவரு!”

உண்மைதான். மற்றவர்கள் ஜாதகம் கேட்கும் இடத்தில் ஜெக்கரியா லேப் ரிப்போர்ட் கேட்டவர்.

“பெரிய அடி பட்டா, சர்க்கரையே இல்லாதவங்களுக்கும் ஏறும். உடம்பு தேறினா ஊசியை நிறுத்திடலாம். இப்ப விட்டா புண்ணுல சீழ் பிடிக்கும். உயிருக்கே ஆபத்து.”

“ஊசி ஆரம்பிச்சா விடாதும்மா. அப்புறம் துபாய்ல மெடிக்கல் டெஸ்ட் எப்படிப் பாஸ் பண்ணுவாரு?”

“முதல்ல கண்ணைத் திறக்கட்டும். துபாயை அப்புறம் பார்க்கலாம்.”

மகள் அனீஸா நடுவில் வந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“சண்டை வேணாம். மிஷின் சரியான்னு இப்பவே பார்த்துடலாம். எங்க அத்தா விரல்ல குத்துங்க சிஸ்டர். அவங்களுக்குச் சர்க்கரை கிடையாது.”

“எனக்கு எதுக்கும்மா?” ஜெக்கரியாவின் கை கைலி மடிப்புக்குள் போனது.

“நீங்கதானே கோளாறுன்னீங்க? நீட்டுங்க அத்தா.”

நீட்டினார். சுருக். ஐந்து விநாடி.

முந்நூற்றுப் பதினெட்டு.

“பார்த்தீங்களா!” அனீஸா வெடித்தாள். “அத்தா சொன்னதுதான் சரி. இந்தப் பொய் மிஷினை நம்பி எங்க வீட்டுக்காரருக்கு ஊசி போடாதீங்க!”

செம்மொழியின் முகம் மாறியது. “மிஷின் தப்புன்னா போடக் கூடாதுதான். இல்லாத சர்க்கரையை இறக்கினா ஆளே போயிடுவாரு. இங்க வேற மிஷின் இல்லை. லேப் ரிப்போர்ட் வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இன்சுலின் இல்லை.”

உள்ளே திரும்பினாள்.

ஜெக்கரியா ஜெயித்துவிட்டார். எதிர்த்து நின்றவளே ஒப்புக்கொண்டாள். இனி வாயைத் திறக்காமல் நின்றால் போதும், மானம் பத்திரம்.

கண்ணாடி வழியே அஸாரைப் பார்த்தார்.

“நில்லுங்க சிஸ்டர்.”

இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டின் பையைத் திறந்தார். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மகள் கையில் வைத்தார்.

“மிஷின் சரிதான். ஊசியைப் போடுங்க. நாலாவது சம்பந்தத்தைத் திருப்பி அனுப்பின அன்னிக்கே எனக்கு முந்நூறு.”