ரமோனாவுக்கு ஏறாத பாடம்

“எட்டும் எட்டும் பதினாறு. டீலர்கிட்ட பத்து தெரியுது. நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்?” என்று கேட்டார் வெண்டல்.

ரமோனா சீட்டுகளை உற்றுப் பார்த்தாள். கன்னத்தில் விரலை வைத்து ரொம்ப நேரம் யோசித்தாள். “அப்படியே வெச்சுக்குவேன்” என்றாள்.

“போச்சு. ஜோடி எட்டு வந்தா கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சுடணும்னு நேத்துதானே சொன்னேன்? பிரிச்சு ரெண்டு தனித்தனி ஆட்டமா ஆடணும்.”

“ஜோடியா வந்திருக்காங்க, பாவம். நான் எதுக்குங்க அவங்களைப் பிரிக்கணும்?”

வெண்டல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அறுபத்தோரு வயசு மனுஷர், சிரிக்கும்போது மட்டும் பத்து வயசு குறைந்துவிடும். இந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் ரமோனா தினமும் காலை பதினோரு மணிக்கு நெவாடா மாநிலத்து ரீனோ நகரத்தின் இந்த கேசினோவுக்கு, அதாவது சூதாட்ட விடுதிக்கு வந்து, கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் எட்டப் பார்க்கும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தின் இலவச வகுப்பில் மக்கு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

மக்காவது ஒன்றாவது. பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் இருபத்திரண்டு வருஷம் டீலராக நின்று சீட்டுப் போட்டவள் அவள். போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், பொழுது போகாமல் இந்த வகுப்பை எட்டிப் பார்த்தாள். வாத்தியார் எங்கே தப்பு விடுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். வாத்தியாரோ நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, “உங்களுக்கு ஆடத் தெரியுமா மேடம்?” என்று கேட்டுவிட்டார். “சீட்டையே தொட்டதில்லைங்க” என்றது இவள் வாய், இவளைக் கேட்காமலே.

அன்றிலிருந்து அவஸ்தைதான். சீட்டு விழுந்த மறுகணம் கூட்டுத்தொகை நாக்கு நுனிக்கு வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு விரல் விட்டு எண்ண வேண்டும்.

மூணு வாரமாக வகுப்பு, கேசினோவை ஒட்டிய காப்பிக் கடையின் மூலை மேசையில் நடக்கிறது. ஆட்ட மேசைக்குப் புதுப் பச்சைத் துணி போடுகிறார்கள் என்று வெண்டல் சொன்னார். பந்தயச் சில்லுக்குப் பதில் சர்க்கரைப் பொட்டலம், சீட்டுக் கட்டு அவருடைய சட்டைப் பையிலிருந்து. மற்ற மாணவர்கள் யாரும் வருவதில்லை, ரமோனாவுக்கு அதைவிடப் பெரிய வரம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் இன்றைக்கு அவள் வெண்டல் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சீட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாகப் போட்டிருந்த அந்தப் பாட அட்டையில் ஒரே ஒரு வரிதான் பாக்கி இருந்தது.

“ஜோடி ஏஸ் வந்தா எப்பவும் பிரிக்கணும்” என்று அதையும் வாசித்தார் வெண்டல். அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். “அவ்வளவுதான் மேடம். பாடம் முடிஞ்சுது.”

“முடிஞ்சுதா?”

“கடைசியா ஒரே ஒரு ஆட்டம். இதுல தேறிட்டீங்கன்னா நீங்க பாஸ்.”

ரமோனா பொட்டலத்தை முன்னால் தள்ளினாள். எப்படியாவது தோற்றே ஆக வேண்டும், நாளைக்கு இங்கே வர வேறு சாக்கு கிடையாது. வெண்டல் போட்ட முதல் சீட்டு ஏஸ். ரெண்டாவது ராஜா.

சண்டாளச் சீட்டு. ரெண்டே சீட்டில் இருபத்தொன்று, அசல் பிளாக்ஜாக். முதல் நாள் மாணவன்கூடத் துள்ளிக் குதிக்கிற சீட்டு. இதில் எப்படி ஃபெயில் ஆவது?

ரமோனா விரல் விட்டு எண்ணினாள். “ஏஸ் ஒண்ணு, ராஜா பத்து. ஆகமொத்தம் பதினொண்ணு” என்றாள். பிறகு விரலால் மேசையைத் தட்டினாள். “இன்னொரு சீட்டு குடுங்க.”

வெண்டல் மேசை மேல் கவிழ்ந்து சிரித்தார், சர்க்கரைப் பொட்டலங்கள் நாலாபக்கமும் சிதறின. “மேடம், ஏஸை பதினொண்ணாவும் வெச்சுக்கலாம்னு முதல் நாளே சொன்னேனே.”

“எனக்கு இதெல்லாம் ஏறவே ஏறாதுங்க.”

“அதனால என்ன? நாளைக்கு முதல் வரியிலேருந்து மறுபடியும் ஆரம்பிச்சுடலாம்” என்றார் அவர் மூச்சு விடாமல்.

ரமோனாவுக்குத் தலைகால் புரியவில்லை. முழுசாக இன்னும் ரெண்டு மாதம். அந்தச் சந்தோஷத்தில் எழுந்தவள், இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை மேலே விரித்து, பின் கவிழ்த்துக் காட்டினாள்.

காட்டிய பிறகுதான் உறைத்தது. மேசையை விட்டு விலகும் டீலர், கையில் சில்லு எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டுகிற வழக்கம் அது. நெவாடாவில் டீலர்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

வெண்டலின் சிரிப்பு நின்றது. “எந்த ஊர்ல சீட்டுப் போட்டீங்க?”

“ஸ்பார்க்ஸ்ல” என்றாள் ரமோனா. முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. “இருபத்திரண்டு வருஷம்.”

“அப்போ எல்லாமே தெரியுமா?”

“தெரியும். உங்களைப் பிடிச்சுப்போச்சு, உங்க பக்கத்துல உக்கார எனக்கு வேற வழி தெரியல. வேலை நேரத்துல உங்களை ஏமாத்திட்டேன், மன்னிச்சுடுங்க. இனிமே வகுப்புக்கு வர மாட்டேன்.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வெண்டல் அவசரமாக எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. முதன்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“ரமோனா, அந்த வகுப்பை கேசினோ நிறுத்தி மூணு வாரம் ஆச்சு.”