உம்மாவின் வட்டிலப்பம்

படுக்கையில் கிடந்த முதியவர் பக்கீரின் தொண்டைக்குள் நான்கு நாட்களாக எதுவும் இறங்கவில்லை. வாயருகே எதைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"உம்மாட வட்டிலப்பம்" என்று மட்டும் முனகினார்.

மனைவி ஸைனம்பு அந்த இனிப்பை மூன்று தடவை அவித்துக் கொடுத்தாள். மூன்றையும் துப்பினார்.

"இது உம்மாட இல்ல."

நாளைக்கும் சாப்பிடாவிட்டால் ஆள் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகளைக் காவலுக்கு இருத்திவிட்டு, ஸைனம்பு பஸ் ஏறி ஓட்டமாவடிக்கு ஓடினாள். பக்கீரின் கூடப்பிறந்தவர்களில் மிச்சமிருப்பது அங்கேயிருக்கும் மூத்த சகோதரி சுபைதா மட்டும்தான்.

"மதினி, மாமி வட்டிலப்பத்துக்கு என்ன போடுவாங்க? மறைக்காமச் சொல்லுங்க. அவர் எனக்கு இல்லாமப் போயிருவார் போல இருக்கு."

சுபைதா அவளைப் பக்கத்தில் இருத்தினாள்.

"உம்மா ஒருநாளும் வட்டிலப்பம் செய்யல்ல புள்ள. முட்டைக்கும் சக்கரைக்கும் அவ எங்க போவா? தம்பி பசியில அழுதா மடியில போட்டு, வட்டிலப்பம் அவிக்கிற கதைய சொல்லுவா. அதைக் கேட்டுக் கேட்டே வெறுங்கஞ்சியக் குடிச்சிருவான்."

ஸைனம்பு வெறுங்கையோடு வீடு திரும்பினாள். கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, கணவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். கதையைத் தொடங்கினாள்.

"தேங்காயத் துருவி முதல்பால் பிழியணும். பிறகு சக்கரையக் கரைச்சு, முட்டைய நல்லா அடிச்சு ஊத்தணும்..."

பக்கீரின் உதடுகள் மெல்லத் திறந்தன. அவள் ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டினாள். விழுங்கிவிட்டு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"ஏலக்காய் போடல்லியா, உம்மா?"