மல்பெரியும் தாய்ப்பூச்சியும்

நுண்ணோக்கிக்குள் படம் ஆடியது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆடியது.

மேசைக்கால் சரியில்லை போலிருக்கிறது. காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் செருகினாள். அப்போதும் ஆடியது.

பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையத்தில் பதினோரு வருடமாக இதே வேலை. பூச்சி முட்டையிட்டு முடித்ததும் அதை அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பளபளவென்று புள்ளிகள் தெரிந்தால் தாய்க்கு நோய். தாய்க்கு நோயென்றால் முட்டைக்கும் நோய். முட்டையிட்ட அட்டையோடு நெருப்பில் போட வேண்டியதுதான்.

ஜன்னலுக்கு வெளியே மல்பெரி மரங்கள். நோய் பிடித்த கிளைகளைப் போன மாதம் வெட்டி எறிந்தார்கள். இப்போது ஒன்றுமே நடக்காததுபோல் தளதளவென்று நிற்கின்றன. மரத்துக்கு என்ன, கொடுத்து வைத்தது. கெட்டதைக் கழித்துவிட்டு மிச்சத்தோடு வாழ்ந்துவிடும். பூச்சியும் புழுவாக இருக்கையில் அந்த இலையைத் தின்றுதான் வளர்கிறது. அந்த வித்தை மட்டும் அதற்கு வரவில்லை.

அவள் தன்னை மரம் என்றே நம்பியிருந்தாள்.

அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் கை நடுங்கத் தொடங்கியது. காபி டம்ளரில் ஆரம்பித்தது. பிறகு நடை, பிறகு பேச்சு. கடைசியில் பெற்ற மகளையே யார் என்று கேட்டாள். பிள்ளைகளுக்கும் வரலாம், ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அவள் போகவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தெட்டு.

“மாதம்மா, இது ஆடுது. கொஞ்சம் பாரேன்.”

கண்ணாடித் தகட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு வழிவிட்டாள். பக்கத்து மேசை மாதம்மா வந்து குனிந்தாள்.

“ஆடவே இல்லியேக்கா. பூச்சி சுத்தம். எழுதிக்கோங்க.”

பதிவேட்டில் ‘நோய் இல்லை’ என்று எழுதினாள். எழுத்து நெளிந்து நெளிந்து போனது.

அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அம்மா கடைசியாக எழுதிய மளிகைச் சீட்டில் பார்த்தது. அம்மா எங்கும் போகவில்லை. இவ்வளவு நாளும் இந்தக் கைக்குள்தான் இருந்திருக்கிறாள்.

பள்ளி விட்டுவிட்டது. நிலையத்தின் கேட்டுக்கு வெளியே நின்று தன்யஸ்ரீ கை ஆட்டினாள். நான்காவது படிக்கிற மகள்.

அவள் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு இடது கையை ஆட்டினாள்.

கண் மட்டும் மகளின் விரல்களை விட்டு நகரவில்லை.

தன்யஸ்ரீ ஆட்டுவதை நிறுத்தினாள். விரல்களும் நின்றன.

அதற்குப் பிறகும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.