திருட்டுப் பாட்டு

"திருட்டுப் பாட்டா? யாரைப் பார்த்து என்ன பேசறீங்க சார்? பத்து வயசுல, எச்சில் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே நான் போட்ட மெட்டு அது!"

மின்மினி போட்ட சத்தத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! மூன்று லட்சம் பேர் கேட்ட பாட்டு. காலையில் எழுந்து பார்த்தால் இணையதளத்தில் அதைக் காணோம். "திருட்டுப் புகார், நீக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. யாருக்குத்தான் வயிறு எரியாது?

"உட்காருங்கம்மா. கத்தினா பாட்டு திரும்ப வந்துடுமா?" என்றார் எதிரில் இருந்த, அந்த இணையதளத்தின் புகார் அதிகாரி.

"எப்படி சார் உட்கார? வெள்ளிக்கிழமை முதல் தடவையா மேடை ஏறப் போறேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பாட்டு திரும்ப வரலைன்னா, வேற ஆளைப் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க. பதினேழு வருஷ உழைப்பு சார்!"

"உங்க சொந்தப் பேரு மின்மினி இல்லை. முகத்தையும் எங்கேயும் காட்டறதில்லை. படம் போட வேண்டிய இடத்துல ஒரு விளக்கு படம். இப்படி ஒளிஞ்சுக்கிட்டுப் பாடினா சந்தேகம் வராதா?"

"முகத்தைக் காட்டினா அப்பன்னு ஒருத்தர் தேடிக்கிட்டு வந்துடுவாரு!" அவள் மேசையில் ஓங்கித் தட்டினாள். "லாரி ஓட்டிட்டு வீட்டுக்கு வர்ற அன்னிக்கெல்லாம் எனக்கு அடி. அம்மா செத்த வீட்டுல என்னடி பாட்டு வேண்டிக்கிடக்குன்னு அடி. நான் தாளம் போடற எண்ணெய் டின்னை மிதிச்சே நசுக்கினாரு. பதினாலு வயசுல பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அட்டைப்பெட்டி ஒட்டற வேலைக்கு அனுப்பினாரு. அன்னிக்கு வீட்டை விட்டு ஓடினவதான். துணி வெளுக்கற கடையில வேலை செஞ்சேன். பழைய மைக் ஒண்ணு வாங்கி, குளியலறைச் சுவத்துல மெத்தையைச் சாய்ச்சு வெச்சு ஒவ்வொரு பாட்டா பதிவு பண்ணேன். எந்தக் கம்பெனிக்காரன் வாசல்லயும் போய் நிக்கலை. என்னைப் போய்த் திருடின்னு சொல்றீங்களே, நாக்கு கூசலை?"

அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்து வைத்தார். "கொரியர்ல வந்தது. சோதிச்சுப் பார்த்தாச்சு. இருபத்தோரு வருஷம் முன்னாடி பதிவு பண்ணினது. நீங்க பாட்டை வெளியிட்டு ஒரு மாசம்தான் ஆகுது. கேளுங்க."

கேசட்டை மேசைமேல் இருந்த டேப் ரெக்கார்டரில் போட்டு, பொத்தானை அழுத்தினார். பாத்திரங்கள் உரசும் சத்தம். அதன் மேல் ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக் குரல். அதே மெட்டு, அதே வரிகள். இரண்டாம் அடியில் மூச்சு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து பாடினாள் அந்தப் பெண்.

மின்மினி டேப் ரெக்கார்டரின் பக்கம் குனிந்தாள். "சார்... இது நான். என் குரல் சார் இது!"

"அது நீங்கதான்னு என்ன ஆதாரம்?"

"ஆதாரமா? பத்து வயசுல பக்கத்துல வக்கீலை வெச்சுக்கிட்டா பாத்திரம் தேய்ச்சேன்?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அழுகை இல்லை, ஆத்திரம். "யாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மா! எங்க தெருவுலயே டேப் ரெக்கார்டர் வெச்சிருந்தது அவங்க ஒருத்திதான். அவங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் நான்தான் தேய்ச்சேன், மிச்சச் சோத்துக்கு. சின்னப் பிள்ளைகிட்ட வேலையும் வாங்கிட்டு, பாட்டையும் சுருட்டி வெச்சிருக்கா பாருங்க! பாட்டு பேர் வாங்கினதும் பங்குக்கு வந்துட்டா. எவ்வளவு கேக்கறா?"

"காசே வேண்டாமாம்."

"பின்னே?"

"பாட்டைப் போட்டவங்கன்னு உங்க பேர் இருக்கில்ல, அதை எடுத்துட்டு வேற பேர் போடணுமாம்."

"நல்லா இருக்கே நியாயம்! யார் பேரைப் போடணுமாம்? அவ பேரையா, அவ பொண்ணு பேரையா?"

"புகார் கொடுத்தவங்க பேரையும் விலாசத்தையும் நாங்க காட்டக்கூடாது. கடிதத்தை மட்டும் படிக்கறேன். கேட்டுட்டு உங்க பதிலை எழுதிக் கொடுங்க."

"படிங்க. எழுதற பதில்ல அவளை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!"

அதிகாரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடு போட்ட தாளைப் பிரித்தார்.

"'ஐயா, இந்தப் பாட்டைப் போட்டது இந்தக் கேசட்டுல பாடற பிள்ளைதான். அது ஊருக்குத் தெரிஞ்சா போதும். பாடாதேன்னு அவளை அடிச்சவனும் நான்தான். லாரியில தனியாப் போறப்ப கேக்கறதுக்காக, பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, கதவுக்கு வெளியே ஒளிஞ்சு நின்னு பதிவு பண்ணினவனும் நான்தான். வீட்டை விட்டுப் போனவ இன்னிக்கு வரைக்கும் திரும்பலை. நாளைக்கே அவ வந்து நின்னா, உன் பாட்டை எவளோ ஒரு மின்மினி திருடிட்டுப் போயிட்டா, நானும் பார்த்துக்கிட்டு சும்மா இருந்தேன்னு, பெத்த அப்பன் நான் எந்த வாயால சொல்லுவேன்?'"