பெரியவருக்கு ஒரு கார்டு

"மேல பெரியவர் இருக்காரு. இன்னிக்குக் கூடாரம் போடாதீங்க சார்" என்று மலையடியில் வனக்காவலர் சொன்னபோது நீலமேகம் சிரித்தான். "எத்தனை பெரியவரைப் பார்த்தவன் நான். நேர்ல பேசிக்கிறேன்." மலையேறுவோர் சங்கத் தலைவர் என்று அச்சடித்த கார்டு எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். சங்கத்தில் மொத்தமே இரண்டு பேர். மற்றவன் கூடவே மூச்சிரைக்க ஏறிவந்த ஜெபமணி.

மார்கழிப் பனி சாயங்காலமே இறங்கிவிட்டது. மேலே அவர்கள் போட்டிருந்த கூடாரத்துக்கு மிகப் பக்கத்தில் மூங்கில் முறிந்தது. வழியில் ஆவி பறக்கக் கிடந்த கூடையளவு சாணம் அப்போதுதான் ஜெபமணிக்கு ஞாபகம் வந்தது. காட்டில் யாரும் யானையை யானை என்று சொல்வதில்லை என்பதும். சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டான். மறு கையால் நீலமேகத்தின் காலை இறுகப் பிடித்தான்.

"பயந்து சாகாதடா. மரியாதையா பேசினா எல்லாம் நடக்கும்." நீலமேகம் தலையை வாரிக்கொண்டு, கூடாரத்தின் ஜிப்பை ஒரு சாண் திறந்து கார்டை வெளியே நீட்டினான். "வணக்கங்கய்யா."

நெடிய மூச்சு ஒன்று கேட்டது. விரல்களிலிருந்து கார்டு மெதுவாக உருவப்பட்டது.

"வாங்கிக்கிட்டாரு" என்றான் பெருமையாக. பிறகு, மணிக்கட்டு வரை நனைந்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஜிப் திறப்பின் வழியே துதிக்கையின் ஈர நுனி உள்ளே வந்து ஜெபமணியின் முழங்காலைத் தடவி நின்றது. சங்கத்தில் அவனுக்கு யாரும் கார்டு அடித்துத் தந்திருக்கவில்லை.