கரண்ட் தண்ணி

"யாரைக் கேட்டுடி குழாய்கிட்ட வந்த? போ அந்தாண்ட!"

சென்னம்மாள் போட்ட சத்தத்தில் முனிலட்சுமியின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. அதோடு விட்டாளா? அவள் பிடித்திருந்த அரைக்குடம் தண்ணீரையும் பிடுங்கிக் கீழே கொட்டினாள்.

"ஏன்க்கா, இது உங்கப்பன் வீட்டுக் குழாயா?"

"ஆமா, அப்படித்தான் வெச்சுக்கோ!"

முனிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பார்த்துக்கொண்டிருந்த வெங்கடப்பனுக்கு வயிறு எரிந்தது.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் கிணறெல்லாம் உப்பு. தண்ணீரில் கரண்ட்டைப் பாய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கும் மிஷினைப் புதிதாக வைத்திருந்தார்கள். வெங்கடப்பன்தான் ஆபரேட்டர்.

நல்ல தண்ணீர் வந்தது. குடிக்கத்தான் ஆளில்லை. கரண்ட் ஓடின தண்ணீர் குடலுக்குள்ளே போய் ஷாக் அடிக்குமாம்!

அவனே ஒரு சொம்பு குடித்துக் காட்டினான். "நீ ஓசூர் கம்பெனியில இருந்தவன், உனக்குக் கரண்ட் பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டார்கள்.

தினமும் வந்தவள் சென்னம்மாள் ஒருத்திதான். தப்பித் தவறி வேறு யாராவது வந்தால் இப்படி விரட்டியடிக்கிறாள்.

"அக்கா, நாளைக்கு இன்ஜினீயர் வராரு. ஊர் ஜனம் குடிக்கலைன்னா மிஷினைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவாங்க" என்று கெஞ்சினான்.

"நாளைக்குத்தானே? போய் வேலையப் பாரு."

இப்படியும் ஒரு சுயநலமா என்று நொந்துபோனான்.

மறுநாள் காலையில் வந்தவன் திகைத்து நின்றான். சென்னம்மாள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "குடத்தை எடுத்தாங்கடி! தண்ணி நல்லாத்தான் இருக்குது."

"ஒரு வாரமா அவளே குடிக்கிறா, கல்லாட்டம் இருக்கா. நமக்கென்ன?" என்று ஊரே திரண்டு வந்தது. வரிசையைப் பார்த்த இன்ஜினீயர், "மிஷின் இங்கேயே இருக்கட்டும்ப்பா" என்றார். வெங்கடப்பனுக்கு அப்பாடா என்றிருந்தது.

முனிலட்சுமிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இன்னைக்குக் கூப்பிடறியே, நேத்து ஏன்க்கா கொட்டின?"

சென்னம்மாள் அவள் குழந்தையின் வாயில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தபடியே சொன்னாள்:

"எனக்கும் பயந்தான்டி. உன் புள்ள இப்பத்தான் நடை பழகுது. எனக்கு ஏதாச்சும் ஆனா அழக்கூட ஆளில்ல. அதான் முதல்ல நான் குடிச்சுப் பாத்தேன்."