சாய்ந்த பாறை

காட்டுப் பாதையில் தலைக்குமேல் சாய்ந்து நின்ற பாறையை ஐந்து வயது மிருணா இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். விட்டால் விழுந்துவிடுமாம். அணையைப் பார்க்கக்கூட வர மறுத்தாள்.

"நீ அம்மாகூடப் போய்ப் பார்த்துட்டு வா. அப்பா பிடிச்சுக்கறேன்" என்று குணசீலன் பாறையில் கைவைத்தான். அவள் ஒவ்வொரு விரலாகத் தன் கையை எடுத்தாள்.

"விட்டுடாதப்பா."

வளைவு தாண்டி இருவரும் மறைந்தார்கள். அவன் கழுத்தில் எறும்பு ஏறியது. தட்டிவிடவில்லை.

அரைமணி நேரம் கழித்து, தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சாரதா பாறைக்கடியில் வந்து நின்றாள். அவன் அப்படியே நின்றிருந்தான்.

"அதான் தூங்கிட்டாளே. கையை எடுங்க, போகலாம்."

"எடுக்கறேன்" என்றான். "முதல்ல அவளைத் தூக்கிட்டு நீ அந்தப் பக்கம் போயிடு."